“நாளையிலிருந்து வராதே” என்று சொல்லுமுன்...

நல்லூரில் பருத்தித்துறை வீதியோரமாக ஒரு புடவைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏழு வருடங்களுக்கு முன் பதினெட்டு வயதில் வந்து சேர்ந்தவர். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, வருடத்துக்கு இரண்டு தடவை உடுப்பு, தங்கையின் கல்யாணத்துக்குக் கைமாற்று என்று முதலாளி அவருக்கு எதிலும் குறை வைக்கவில்லை. ஒருநாள் இரவு கடை பூட்டும்போது காசு இலாச்சியில் பணம் குறைகிறது. சந்தேகம் அவர்மீது விழுகிறது. “நாளையிலிருந்து வராதே” என்று முதலாளி சொல்லிவிடுகிறார்.

மூன்று வாரங்களின் பின் தொழில் அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. நியமனக் கடிதத்தின் பிரதி, வரவுப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, சேமலாப நிதி செலுத்திய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றுடன் சமுகமளிக்கும்படி கேட்கிறது அக்கடிதம். முதலாளியிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. “பிள்ளை மாதிரி வைத்திருந்தேன், என்னிடமே பேப்பர் கேட்கிறார்களே” என்று மனம் நொந்து போகிறார்.

அவருடைய வேதனை நியாயமானதுதான். ஆனால் அவர் கொடுத்த சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் எங்கும் பதிவு இல்லை. பதிவேடுகளை வைத்திருக்க வேண்டிய பொறுப்பைச் சட்டம் முதலாளியிடமே கொடுத்திருக்கிறது. அவை இல்லாதபோது ஊழியர் சொல்லும் கணக்கே எடுபடும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும்படி மார்க்கம் எமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. சரக்குக் கடனைச் சதம் பிசகாமல் எழுதும் நாம், வேலைக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்வதுதான் விந்தை.

“இது சிறிய கடை, இந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பனிகளுக்குத்தான்” என்ற எண்ணம் எம்மிடையே பரவலாக உண்டு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 15 பேர் என்ற எண்ணிக்கை இரண்டு சட்டங்களில் வருகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஒன்று. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடங்களைப் பூர்த்தி செய்தவருக்கு, வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்கிறது அது. அவர் தாமாக விலகினாலும் கொடுக்க வேண்டும். விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மற்றது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். வியாபாரம் குறைந்துவிட்டது போன்ற, ஒழுக்கத்தோடு சம்பந்தமில்லாத காரணங்களுக்காக ஆளை நிறுத்துவதாயின், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்பது அதன் விதி.

15 என்ற கணக்கு இந்த இடங்களோடு சரி. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஒரேயொரு ஊழியர் இருக்கும் கடைக்கும் பொருந்தும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் அப்படியே. குடும்பத்தவர் மட்டும் சேர்ந்து நடத்தும் தொழிலுக்கு அதில் விலக்கு உண்டு. வெளியாள் ஒருவரை எடுத்த உடனே அந்த விலக்கு போய்விடும். பணிக்கொடை விடயத்திலும் சிறிய கடைக்காரர் முற்றாகத் தப்பிவிட்டதாக நினைக்கக்கூடாது. 15 பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்தவரும் தொழில் நியாய சபைக்குப் போய்ப் பணிக்கொடை கேட்கலாம்.

இனிச் சேமலாப நிதிக்கு வருவோம். எமது வர்த்தகர்கள் அதிகமாக அடிபடும் இடம் இதுதான். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம், முதலாளியின் பங்காக 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்ற பேதம் இதில் கிடையாது. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே கணக்கு ஆரம்பம். சாப்பாடு கொடுக்கும் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உழைப்பூதியம் என்பதற்குள் ஊழியருக்குக் கொடுக்கும் உணவின் பெறுமதியும் வரக்கூடும். மேலதிக நேரக் கொடுப்பனவு இதில் சேராது.

எமது புடவைக் கடை ஊழியருக்கு மாதம் 30,000 ரூபா சம்பளம் என்று கொள்வோம். (தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.) கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்பதற்காக ஏழு வருடமும் இதே சம்பளம் என்றே வைத்துக்கொள்வோம். ஒழுங்காகச் செலுத்தியிருந்தால் முதலாளியின் கையிலிருந்து மாதம் 4,500 ரூபா போயிருக்கும். 84 மாதத்துக்கு 378,000 ரூபா.

செலுத்தாமல் விட்டதால் நடப்பது வேறு. கொடுத்து முடித்த பழைய சம்பளத்திலிருந்து ஊழியரின் 8 வீதத்தை இனிக் கழிக்க முடியாது. அதுவும் முதலாளியின் தலையில் விழும். 20 வீதப்படி 504,000 ரூபா. பிந்திய காலத்துக்கு ஏற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் பிந்தியவற்றுக்கு 50 வீதம் என்பதால், முதல் ஆறு வருடத்துக்கு மாத்திரம் 216,000 ரூபா. நம்பிக்கை நிதிய நிலுவை 75,600 ரூபா. கடைசி வருடத்தின் மேலதிகக் கட்டணத்தையும் சேர்த்தால் எட்டு இலட்சத்தைத் தாண்டிவிடும். காசு இலாச்சியில் குறைந்தது எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கமாட்டார்கள்.

“நான் கட்டத்தான் இருந்தேன், அவன்தான் வேண்டாம், காசைக் கையில் தாருங்கள் என்றான்” என்று சொல்லும் முதலாளிமார் பலர். பெரும்பாலும் அது உண்மைதான். மாதம் 2,400 ரூபா கழிவதை விரும்பாத இளைஞர்கள் ஏராளம். ஆனால் ஊழியர் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தாலும் அந்த உடன்பாடு செல்லாது. இந்த விடயத்தில் இரக்கப்பட வேண்டாம்.

யாழ் முஸ்லிம்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்டபோது சோனகத் தெருவிலும் ஐந்து சந்தியிலும் கடைகளையும் சரக்கையும் பேரேடுகளையும் அப்படியே விட்டுத்தான் போனார்கள். கடை போனால் கடையில் எழுதி வைத்த கணக்கும் போய்விடும். ஊழியரின் பெயரில் சேமலாப நிதிக்குச் செலுத்திய பணம் மட்டும் கொழும்பில் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கும். கடை எரிந்தாலும் முதலாளி மௌத்தானாலும் அது அவருக்குரியது.

சரி, திருட்டு நடந்தது உண்மையாயின் என்ன செய்வது? வேலையிலிருந்து நிறுத்தும் உரிமை முதலாளிக்கு உண்டு. நிறுத்தும் முறையில்தான் வழக்கு தோற்கிறது. அன்றிரவே முடிவைச் சொல்லாமல், இன்ன திகதியில் இவ்வளவு பணம் குறைந்தது, இதற்கு உமது விளக்கம் என்ன என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் தர நாள் கொடுக்க வேண்டும். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று இடைநிறுத்துவதாயின் அதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடையோடு சம்பந்தமில்லாத, கணக்குத் தெரிந்த ஒருவரைக் கொண்டு இரு தரப்பையும் கேட்டு, கேட்டதை எழுதி, கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. இதற்கெல்லாம் ஒரு வாரம் போதும்.

ஏனென்றால் ஊழியர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரேயொரு ஊழியர் இருந்த கடையாயினும் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் அந்த உரிமை அவருக்கு உண்டு. ஆளை நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், நிறுத்தியது நியாயமானது என்று காட்ட வேண்டியவரும் அவரே. சந்தேகம் சாட்சியாகாது. சபை நீதியும் நியாயமும் எனக் கருதுவதைக் கட்டளையாக இடும். மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி சொல்லலாம், நட்டஈடு கொடுக்கும்படியும் சொல்லலாம். இதற்குப் பயந்து “நான் நிறுத்தவில்லை, அவர்தான் வராமல் விட்டார்” என்று சொல்ல நினைப்பவர்கள் உண்டு. உண்மையிலேயே அவர் வராமல் விட்டிருந்தால், திரும்பி வரும்படி பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் எங்கே என்ற கேள்வி வரும். பொய்யாயின் அதைச் சொல்லாமலிருப்பதே நன்று.

வேலை நேரத்துக்கு வருவோம். காலை 9 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்குப் பூட்டும் கடையில், ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக ஆறு நாளைக்கு 60 மணித்தியாலம். சட்டம் அனுமதிப்பது நாளுக்கு 8, வாரத்துக்கு 45. மீதி 15 மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் சரிவராது; மேலதிக நேர வேலைக்கு வாரத்துக்கு 12 மணித்தியாலம்தான் எல்லை. அதோடு சம்பளத்துடன் ஒன்றரை நாள் வாராந்த விடுமுறையும் கொடுக்க வேண்டும். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் எல்லோரும் நிற்கத்தான் வேண்டும் என்ற பழக்கத்தை மாற்றி, சிலர் காலையில் பிந்தி வருவதாகவும் சிலர் முந்திப் போவதாகவும் பிரித்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இது இன்னும் கூர்மையாகும். 25 நாள் திருவிழாவுக்கு வீதியோரம் கடை போடுபவர்கள் தற்காலிகமாகப் பொடியன்களை எடுப்பது வழமை. “இருபத்தைந்து நாளைக்கு என்ன பதிவு?” என்று கேட்பார்கள். மேலே சொன்னபடி முதல் நாளிலிருந்தே கணக்கு உண்டு. முக்கியமாக வயதைப் பாருங்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. “உயரமாக இருந்தான், கேட்கவில்லை” என்ற பதில் எடுபடாது. பிறப்பு அத்தாட்சியையோ அடையாள அட்டையையோ பார்த்துப் பிரதி எடுத்து வையுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களையும் பெண்களையும் இரவில் வேலைக்கு வைப்பது பற்றித் தனி விதிகள் இருக்கின்றன; கடை போடுமுன் தொழில் அலுவலகத்தில் கேட்டுவிடுவது புத்தி.

விடுமுறை பற்றி ஒரு விடயம். முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்று வீதம் அமைய விடுமுறை உண்டு. அடுத்த வருடங்களில் அது ஏழு நாள். வருடாந்த விடுமுறை 14 நாள். இரண்டாம் வருடத்தில் மட்டும் வருடாந்த விடுமுறை, சேர்ந்த மாதத்தைப் பொறுத்துக் குறையலாம். போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம்.

ஆனால் தனியார் துறைக்குக் கட்டாயமான வர்த்தக விடுமுறைகளில் மீலாதுன் நபி தினமும் தைப்பொங்கலும் இருக்கின்றன. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் தீபாவளியும் இல்லை. முஸ்லிம் முதலாளி பெருநாளன்று கடையைப் பூட்டிவிட்டு, அந்த நாளைத் தமிழ் ஊழியரின் விடுமுறையில் கழிப்பதும், தீபாவளிக்கு அவர் லீவு கேட்கும்போது முகம் சுளிப்பதும் நடக்கத்தான் செய்கிறது. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எப்படி விடுமுறை, சம்பளம் உண்டா இல்லையா என்பதை நியமனக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இப்போது கடையில் இருப்பவர்களுக்கு நியமனக் கடிதமே இல்லையென்றால், அவர்கள் வேலைக்குச் சேர்ந்த உண்மையான திகதியைப் போட்டு இந்த மாதமே கொடுங்கள். இன்றைய திகதியில் புதிதாகச் சேர்ந்தவர்போல் எழுதுவது பழைய நிலுவையை அழிக்காது. பிறகு சபையில் உங்களுக்கு எதிராகவே அந்தக் கடிதத்தைக் காட்டுவார்கள்.