சத்தமில்லாம நின்னுபோகும் வேர்ட் மேக்ரோ

சின்னமனூர்ல ஒரு டைப்பிங் சென்டர்னு வச்சுக்கோங்க. வாழைத்தோட்டக் குத்தகைப் பத்திரத்தை வேர்ட்ல அடிச்சு, முத்திரைத்தாள்ல பிரிண்ட் போடுறாங்க. தேதி நிரப்ப வேண்டிய இடம் வெறும் கோடாவே பிரிண்ட் ஆயிட்டா அந்தத் தாள் வீண். அதனால பிரிண்ட் கொடுத்ததும் காலியான கோடு இருக்கான்னு பார்த்து, இருந்தா பிரிண்டை நிறுத்துற மேக்ரோ ஒண்ணு எழுதித் தர்றீங்க.

ஒரு வாரம் நல்லா ஓடும். திடீர்னு ஒருநாள் ஓடாது. எரர் மெசேஜும் வராது. மேக்ரோ பார்த்துக்கும்னு நம்பி கடைக்காரர் தானா சரிபார்ப்பதை விட்டிருப்பார். அதனால செத்துப்போன மேக்ரோ, மேக்ரோவே இல்லாததைவிட ஆபத்து.

எப்படி வேலை செய்யுது?

பிரிண்ட், சேவ், குளோஸ் எல்லாம் வேர்டுக்கு ஒவ்வொரு ஈவென்ட். நமக்கு வேண்டியது 'டாக்குமென்ட்பிஃபோர்பிரிண்ட்'. அதைக் கேட்க ஒரு கிளாஸ் மாட்யூல்ல 'வித்ஈவென்ட்ஸ்' போட்டு 'ஆப்' என்ற வேரியபிளை அறிவிக்கணும். பிறகு சாதாரண மாட்யூல்ல அந்தக் கிளாஸுக்கு ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதோட 'ஆப்'பை வேர்ட் அப்ளிகேஷனோட 'செட்' மூலமா இணைக்கணும். இந்த இணைப்பு அறுந்தா வேர்ட் ஈவென்டை எழுப்பும், கேட்க ஆள் இருக்காது.

வரிசையா சோதிங்க

1. ஆப்ஜெக்ட் வேரியபிள் எங்கே இருக்கு? 'சப்' உள்ளே அறிவிச்சிருந்தா, அந்த 'சப்' முடிஞ்சதும் ஆப்ஜெக்டும் போயிடும். மாட்யூலோட தலைப்பகுதியில 'பப்ளிக்'னு போடுங்க.

2. இணைக்கிற கோடு ஓடுச்சா? அதை 'ஆட்டோஎக்ஸெக்' என்ற பெயர்ல எழுதி, நார்மல் டெம்ப்ளேட்லயோ ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல இருக்கிற டெம்ப்ளேட்லயோ வையுங்க. சாதாரண டாக்குமென்ட்ல வச்சா வேர்ட் திறக்கும்போது அது ஓடாது.

3. பெயர் பொருந்துதா? வேரியபிள் 'ஆப்' என்றால் ஹேண்ட்லர் பெயரும் 'ஆப்' அண்டர்ஸ்கோர்னுதான் ஆரம்பிக்கணும். கையால அடிக்காம, எடிட்டர் மேல இருக்கிற டிராப்டவுன்ல இருந்தே எடுங்க.

4. யாராவது 'எண்ட்' அழுத்தினாங்களா? ஒரு வாரம் ஓடி நிக்கிற மேக்ரோவுல முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஏதோ ஒரு எரர் பாக்ஸ் வந்து 'எண்ட்' அழுத்தினா, மாட்யூல் வேரியபிள் எல்லாம் அழிஞ்சுடும். எடிட்டர்ல 'ரீசெட்' அழுத்தினாலும் அதேதான். ஹேண்ட்லர் உள்ளே 'ஆன் எரர்' போடுங்க. இணைக்கிற கோடைத் திரும்ப ஓட்ட டூல்பார்ல ஒரு பட்டனும் வையுங்க.

5. தமிழ் எழுத்து கோடுக்குள்ளே இருக்கா? விபிஏ எடிட்டர் யூனிகோட் தமிழை ஏற்காது, கேள்விக்குறியாக்கிடும். 'தேதி'னு தேடுற கோடு எதையும் கண்டுபிடிக்காது. ஈவென்ட் ஓடியும் ஓடாத மாதிரி தெரியும். 'சிஎச்ஆர்டபிள்யூ' ஃபங்ஷன்ல 2980, 3015, 2980, 3007 ஒவ்வொண்ணாக் கொடுத்துச் சேர்த்தா 'தேதி' கிடைக்கும்.

6. ஃபைல் வாட்ஸ்அப்லயோ மெயில்லயோ வந்ததா? இணையத்திலிருந்து வந்த ஃபைல்களோட மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022-லிருந்து தானாவே தடுக்குது. காரணம் இருக்கு: 1999-ல் பரவிய மெலிசா வைரஸ், டாக்குமென்ட் திறக்கும் ஈவென்டைப் பிடிச்சுத்தான் ஓடி, அவுட்லுக்ல முதல் 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பிச்சு. அதனால நீங்களே எழுதின ஃபைலுக்கு மட்டும் ப்ராப்பர்ட்டீஸ்ல 'அன்பிளாக்' கொடுங்க.

இன்னொண்ணு: எக்ஸெல்ல இருக்கிற 'எனேபிள்ஈவென்ட்ஸ்' வேர்ட்ல கிடையாது. அந்த வைத்தியத்தை இங்கே தேடாதீங்க.

எது தப்புன்னு பிரிச்சறிய

எடிட்டர்ல கன்ட்ரோல்-ஜி அழுத்தி, இம்மீடியட் விண்டோவுல உங்க ஆப்ஜெக்டோட 'ஆப்' 'நத்திங்'கான்னு கேளுங்க. 'ட்ரூ' வந்தாலோ எரர் வந்தாலோ இணைப்பு இல்லை: 1, 2, 4, 6 பாருங்க. 'ஃபால்ஸ்' வந்தா இணைப்பு இருக்கு: 3, 5 பாருங்க.

கடைசியா, ஹேண்ட்லரோட முதல் வரியில ஸ்டேட்டஸ்பார்ல 'செக்டு'ன்னும் அப்போதைய நேரத்தையும் ஆங்கிலத்துல காட்டச் சொல்லுங்க. காலையில முதல் பிரிண்டை சாதா ஏ4 தாள்ல கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. கீழே அந்த நேரம் வரலைன்னா, முத்திரைத்தாளைப் பிரிண்டர்ல வைக்க வேண்டாம்.