மின்சாரம் இல்லாமல் கணக்கு எழுதும் அட்டை

எக்ஸ்-ரே எடுக்கப் போயிருப்பீர்கள். அங்கே வேலை செய்பவரின் சட்டையைக் கவனித்தீர்களா? மார்பில் தீப்பெட்டி போன்ற ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி தொங்கும். அதற்குள் ஓர் அட்டை இருக்கும். அட்டையைச் சுற்றிய தாளில் பெயரும் எண்ணும் இருக்கும்.

பலர் அதை அடையாள அட்டை என்று நினைக்கிறார்கள். அது அடையாள அட்டை அல்ல. அது ஓர் அளவுகோல். அதன் பெயர் டி.எல்.டி. பேட்ஜ். அதில் பேட்டரி இல்லை. ஒயர் இல்லை. முள் இல்லை. ஆனாலும் அது மூன்று மாதம் ஓயாமல் கணக்கு எழுதுகிறது.

எதைக் கணக்கு எழுதுகிறது?

எக்ஸ்-ரே என்பது ஒரு வகைக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. மேலே பட்டால் சுடாது. மணம் இல்லை, ஓசை இல்லை. உடம்பை ஊடுருவிப் போவதால்தான் எலும்பைப் படம் பிடிக்க முடிகிறது. நோயாளிக்கு அது எப்போதோ ஒரு முறை படுகிறது. அதனால் பயம் வேண்டாம். ஆனால் அந்த அறையில் வேலை செய்பவர் நிலை வேறு. ஒரு நாளில் ஐம்பது பேர் வரலாம். ஆண்டு முழுதும் சிறிது சிறிதாகக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். எவ்வளவு பட்டது என்று உடம்பு சொல்லாது. அட்டை சொல்லும்.

உள்ளே என்ன இருக்கிறது?

நிக்கல் பூசிய ஓர் அலுமினியத் தகடு. அதில் மூன்று துளைகள். ஒவ்வொரு துளையிலும் பொட்டு அளவுக்குக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை ஒன்று. வில்லையில் கால்சியம் சல்பேட் என்ற உப்பின் பொடி கலந்திருக்கிறது. சுவரில் பூசும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இதே இனம்தான். ஆனால் இந்தப் பொடியில் டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தை மிகமிகக் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறார்கள். சூட்சுமம் அந்தக் கலப்பில்தான் இருக்கிறது.

களத்தில் நெல் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். அடிக்க அடிக்க மணிகள் சிதறும். பல மணிகள் களத்திலேயே உருளும். சில மணிகள் தரையின் வெடிப்பில் விழுந்துவிடும். காற்று அடித்தாலும் அவை வெளியே வராது. ஒரு வாரம் கழித்து வெடிப்பைக் கிளறி மணிகளை எண்ணினால், எவ்வளவு நெல் அடித்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வில்லையிலும் இதுவே நடக்கிறது. கதிர் பட்டதும் உப்பில் உள்ள எலக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து சிதறுகின்றன. எலக்ட்ரான் என்பது அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய துகள். சிதறியவற்றில் சில, படிகத்தில் உள்ள குழிகளில் சிக்கிக்கொள்கின்றன. கதிர் அதிகம் பட்டால் அதிகம் சிக்கும். குறைவாகப் பட்டால் குறைவாகச் சிக்கும். சிக்கியவை மாதக் கணக்கில் அங்கேயே கிடக்கும். இதற்கு மின்சாரம் எதற்கு?

மணிகளை எண்ணுவது எப்படி?

சூடாக்க வேண்டும். ஆய்வகத்தில் கருவிக்குள் அட்டையை வைத்து, சூடான நைட்ரஜன் வாயுவை வில்லை மேல் பாய்ச்சுகிறார்கள். சூடு 280 டிகிரிக்கும் மேல். சிக்கிக் கிடந்த எலக்ட்ரான்கள் குழியை விட்டுக் கிளம்பும். அப்போது வில்லை ஒளிவிடும். மிக மங்கலான ஒளி. கருவி அதை அளக்கிறது. ஒளி எவ்வளவோ, கதிரும் அவ்வளவு.

சூட்டினால் சில கற்கள் ஒளிவிடும் என்பது பழைய செய்தி. 1663இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் என்ற அறிஞர் ஒரு வைரத்தைப் படுக்கைக்கே எடுத்துப் போனார். இருட்டில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தார். அது மங்கலாக மின்னியது. பழைய பானை ஓட்டின் வயதைக் கண்டுபிடிக்கவும் இன்று இதே முறை உதவுகிறது. சூளையில் வெந்தபோது பானையின் பழைய கணக்கு அழிந்துபோகும். அன்று முதல் மண்ணில் இயற்கையாக உள்ள கதிர் அதில் புதுக்கணக்கு எழுதும்.

இந்தியாவில் முதலில் புகைப்படச் சுருளைத்தான் பேட்ஜில் வைத்தார்கள். நம் வெயிலும் ஈரமும் சுருளைக் கெடுத்தன. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் 1970களில் இந்த அட்டையைக் கொண்டுவந்தது.

"அக்கா, இதை மாட்டிக்கொண்டால் கதிர் நம் மேல் படாதா?" புதிதாக வேலைக்கு வந்த உதவியாளர் இப்படித்தான் கேட்பார்.

"படும் தம்பி. இது குடை இல்லை. எவ்வளவு நனைந்தாய் என்று சொல்லும், அவ்வளவுதான். குடை வேண்டுமானால் அதோ, ஈயக் கவசம் தொங்குகிறது."

அந்த அக்கா சொல்வது சரி. கவசம் அணிந்தால், பேட்ஜ் கவசத்துக்கு உள்ளே மார்பில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிக் கதிர் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். எக்ஸ்-ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனால் அட்டை அறையின் கணக்கை எழுதும், ஆளின் கணக்கை எழுதாது. ஒருவர் பேட்ஜை இன்னொருவர் அணியக் கூடாது. தனக்கே எக்ஸ்-ரே எடுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

பேட்ஜைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்களும் உண்டு. கணக்கு கூடினால் வேலை போய்விடுமோ என்ற பயம். இது பெரிய ஆபத்து. சுழி என்று வரும் கணக்கைப் பார்த்து, பழுதான இயந்திரத்தை யாரும் தேட மாட்டார்கள்.

கணக்கை எப்படிப் படிப்பது?

அளவின் பெயர் மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் எல்லா மனிதர்க்கும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஒரு மார்பு எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் 0.1க்கு மேல் போகாது. கதிர் வேலை செய்பவருக்கு ஐந்து ஆண்டில் மொத்தம் 100 வரைதான் அனுமதி. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. இது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. ஒரே தவணையில் 10ஐத் தாண்டினால் காரணம் விசாரிப்பார்கள். மூன்று வில்லைகளும் இங்கே உதவும். ஒன்றின் மேல் உலோகத் தடுப்பு, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தது. மூன்றின் ஒளியையும் ஒப்பிட்டு எந்த வகைக் கதிர் என்று சொல்கிறார்கள்.

குழந்தை அசையாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள ஆயாவைக் கூப்பிடுவது பல இடங்களில் வழக்கம். அவருக்குப் பேட்ஜும் இருக்காது, கவசமும் இருக்காது. தினமும் பிடிப்பவருக்குத் தினமும் கதிர் படும். குழந்தையோடு வந்த பெரியவர் ஒருவர் கவசம் அணிந்து பிடிப்பதே முறை. அவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடும். அறையில் எதுவும் தங்காது.

கதிரியக்கப் பொருள் அப்படி அல்ல. அது நிற்காது. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு ஆய்வுக்கூட இயந்திரம் ஒன்று வந்தது. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. தெரியாமல் பிரித்தார்கள். பலர் நோயில் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். அவர்கள் யார் மார்பிலும் பேட்ஜ் இல்லை. எவ்வளவு பட்டது என்று இரத்தத்தைச் சோதித்துத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் போட்ட சின்னத்தைப் பழைய பொருளில் பார்த்தால் தொடாமல் விலகி, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இப்போது சிலிக்கானிலும் இத்தகைய அளவுகோல்கள் உண்டு. வானொலிப் பெட்டியில் உள்ள டிரான்சிஸ்டரின் உறவுதான் அது. அதன் மெல்லிய கண்ணாடிப் படலத்தில் மின்னேற்றம் சிக்கிக்கொள்ளும். செயற்கைக்கோள்களில் இதை வைக்கிறார்கள். கணக்கைப் படிக்க மட்டும் கொஞ்சம் மின்சாரம் போதும்.

மருத்துவமனை அட்டைக்கு ஆய்வகம் மீண்டும் சூடு கொடுக்கும். பழைய கணக்கு முழுதும் அழியும். அட்டை வேறு ஒருவர் மார்புக்குப் போகும். ஆனால் படித்த எண் பதிவேட்டில் இருக்கும். ஊழியரின் எண் வாழ்நாள் முழுதும் ஒன்றே. வேறு மருத்துவமனைக்குப் போனாலும் அதே எண்ணைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் கணக்குத் தாளைத் தன் கண்ணால் பார்க்க ஒவ்வோர் ஊழியருக்கும் உரிமை உண்டு.