பலம் முன்னே, பருமன் பின்னே

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கபடிக் குழுவில் எடைப்பயிற்சி தொடங்கிய பிறகு ஸ்குவாட்டில் பத்து கிலோ கூடியிருக்கிறது, ஆனால் தொடையை டேப் வைத்து அளந்தால் ஒரு நூல்கூட ஏறவில்லை, அப்புறம் இந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறாய். புரோட்டீன் பவுடர் வாங்கலாமா என்ற உன் அடுத்த கேள்வியைவிட இதுதான் எனக்குப் பிடித்தது.

பலம் முதலில் சேர்வது நரம்பில். தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் ஒரு கொத்துத் தசையிழைகளைத் தன் பிடியில் வைத்திருக்கிறது. அது உத்தரவிட்டால் கொத்து முழுவதும் சுருங்கும். பாதி சுருங்குவது என்பது கிடையாது. லேசான வேலைக்குச் சிறிய நரம்பணுக்களே போதும். பாரம் ஏற ஏறத்தான் பெரியவை களத்தில் இறங்கும். எல்வுட் ஹென்னமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களில் இந்த ஒழுங்கைக் கண்டு சொன்னார். பயிற்சி இல்லாதவருக்கு அந்தப் பெரிய கொத்துகள் முழுமையாக வேலைக்கு வருவதில்லை. வந்தாலும் வேகமாகத் துடிப்பதில்லை. தேர் வடத்தைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையுமா? முதல் சில வாரங்களில் உன் உடம்பு ஆளைக் கூட்டவில்லை, இருப்பவர்களைச் சேர்ந்து இழுக்கப் பழக்கியிருக்கிறது.

என் பிசியோதெரபி வேலையில் இதை அடிக்கடி விரலாலேயே உணர்கிறேன். மாவுக்கட்டுப் பிரித்து வருபவரின் முட்டிக்கு மேலே, உள்பக்கத் தசை குழிந்து கிடக்கும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, "துண்டை அழுத்துங்க" என்பேன். முதல் நாள் என் விரலுக்கடியில் ஒரு சின்னத் துடிப்பு மட்டும் தெரியும். அவர் முகம் சிவக்க முயல்வார், கால் நகராது. சில நாள் போனால் அதே தசை கல்லாக இறுகும். அப்போது டேப் வைத்துப் பார்த்தால் தொடை அப்படியேதான் இருக்கும். இன்னொன்றும் கேள்: கட்டுப் போட்ட கால் சும்மா கிடக்கும்போதே நல்ல காலுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வோம். 1979-ல் மொரிட்டானியும் டிவ்ரீஸும் ஒரு கைக்கு மட்டும் எட்டு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, எதுவும் செய்யாத மறு கைக்கும் பலம் கூடியது. அது நரம்பின் வேலையேதான்.

1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் கனமான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். சராசரி வயது 90. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம்தான். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த ஆய்வு இது. அந்த வயதிலும் தசை வளர்ந்ததே என்பது ஒரு வியப்பு. பலம் பருமனை விட்டு எவ்வளவு முந்தி ஓடியது என்பது இன்னொரு வியப்பு.

பருமன் மெதுவாக வருவதற்குக் காரணம் உண்டு. இழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்க, இருக்கிற ஒவ்வோர் இழையும்தான் தடிக்க வேண்டும். பாரம் இழுக்கும் இழுவிசையை இழை உணர்ந்து, சுருங்கும் புரதங்களான ஆக்டினையும் மயோசினையும் கூடுதலாகக் கட்டத் தொடங்குகிறது. ஒரு முறை பயிற்சி செய்தால் இந்தக் கட்டுமானம் ஒன்றிரண்டு நாள் சூடாக நடக்கும். அதே நேரத்தில் பழைய புரதம் சிதைந்துகொண்டும் இருக்கிறது, மிச்சப்படுவதுதான் வளர்ச்சி. இழையின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணைச்செல்களை 1961-ல் அலெக்சாண்டர் மவுரோ கண்டுபிடித்தார். தேவை வரும்போது அவை பெருகி இழையோடு கலந்து தங்கள் உட்கருவைக் கொடுத்துவிடுகின்றன. இத்தனையும் நடந்து கண்ணுக்குத் தெரிய மாதங்கள் ஆகும்.

மறுநாள் வலித்தால்தான் தசை வளரும் என்று உன் தோழி சொன்னதை நம்பாதே. அந்த வலி பெரும்பாலும் எடையை இறக்கும்போது, தசை நீண்டுகொண்டே தாங்குவதால் வருவது. லாக்டிக் அமிலமும் காரணமில்லை. அது ஒரு மணி நேரத்துக்குள் கழிந்துவிடும்.

நீ பார்க்க வேண்டியது வலியை அல்ல, தூக்கும் எடையைத்தான். 1945-ல் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். லேசான எடையைப் பலமுறை தூக்குவதே அன்றைய வழக்கம். அவர் கனமான எடை கொடுத்து, பலம் வர வர அதைக் கூட்டிக்கொண்டே போனார். இன்று ஜிம்மில் உங்கள் பயிற்சியாளர் சொல்லும் 'பத்து ரெப், மூன்று செட்' அவர் வழியாகப் பரவியதுதான். தேதி, எடை, ரெப் மூன்றையும் ஒரு நோட்டில் எழுது. பத்தும் சுத்தமாக வந்தால் அடுத்த முறை இரண்டரை கிலோ ஏற்று. முதுகு வளைந்தால் ஏற்றாதே.

பவுடர் வேண்டாம். உன் 50 கிலோ உடம்புக்கு நாளைக்கு 80 கிராம் புரதம் தாராளம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. மீன், பால், சுண்டல், சோயா எல்லாம் வீட்டிலேயே உண்டு. யாராவது ஸ்டீராய்டு ஊசி என்று பேச்செடுத்தால் அந்த ஜிம்மைவிட்டே வந்துவிடு.

ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவாய் என்று பாட்டி பயப்படுகிறாளாமே. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிய வீடியோவைப் போட்டுக் காட்டு. ஆண்களோடு ஒப்பிட்டால் நம் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு. அவ்வளவு சுலபமாக உடம்பு பெருத்துவிடாது.

தேர்வுக்காக இரண்டு வாரம் நிறுத்தினால் எல்லாம் போய்விடுமோ என்று கவலைப்படாதே. அதற்குள் பலம் பெரிதாக இறங்காது. தூக்கத்தை மட்டும் குறைத்துக்கொள்ளாதே. தேர்வு முடிந்ததும் விட்ட எடைக்குக் கொஞ்சம் கீழிருந்து தொடங்கு.

அன்புடன்,
அத்தை