முதுமரமும் நிறமூட்டலும்

பழைய மரக்கட்டடங்களைப் படம் பிடிக்கப் புகுவோர் பலர், படத்திற்குக் கபில நிறத்தை ஏற்றிவிட்டால் பழமை தானே வந்தமையும் என எண்ணுகின்றனர். யானும் ஒருகால் அவ்வாறே எண்ணினேன். உறவினர் இல்லத்துச் சங்கடப்படலையைப் படமெடுத்து, கணினியிற் கபிலமாக்கி, மூலப்படத்தை அழித்துவிட்டேன். சில ஆண்டுகளின் பின் அப்படலை சரிந்தது. அதனை மீளக் கட்ட வந்த தச்சர் என் படத்தை நோக்கி, "இவற்றுள் ஆதிமரம் எது, பின்னர் மாற்றிய மரம் எது?" என வினவினார். எல்லாம் ஒரே கபிலமாயிருந்தமையால் விடையிறுக்க இயலவில்லை. படம் அழகாயிருந்தது, ஆயினும் சாட்சி சொல்லத் தவறிற்று.

எனவே, நிறமூட்டுமுன் மரத்தை அறிதல் வேண்டும். மரம் நரைப்பது ஏன்? ஞாயிற்றொளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள், மரத்தின் மேற்பரப்பில் நார்களைப் பிணைத்து நிற்கும் இலிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. மழை அதனைக் கழுவிச் செல்ல, நரைத்த செலுலோசு நார்கள் எஞ்சுகின்றன. பைன் போன்ற மரங்களில் ஆண்டு வளையத்தின் மென்பகுதி விரைந்து தேய, வன்பகுதி வரம்புபோல் உயர்ந்து நிற்கும். இத்தேய்வு நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அளவினதே. மழை படாத இறவாரத்தின் கீழோ மரம் கபிலமாகவே இருத்தல் கூடும். ஆகவே ஒரே சுவரில் நரையும் கபிலமும் அடுத்தடுத்துத் தோன்றும். அவ்வேறுபாடே அச்சுவரின் வரலாறு.

இதனைக் காண்பதற்குச் சிறந்த இடங்களுள் ஒன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2,550 மீற்றர் அளவு உயரத்தில் உள்ள போடி என்னும் பாழூர். 1859ஆம் ஆண்டில் அங்கே பொன் கண்டெடுக்கப்பட்டது. 1880ஆம் ஆண்டளவில் அஃது ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த நகராய்ப் பொலிந்தது. பொன் அருகவே மக்கள் அகன்றனர். 1932ஆம் ஆண்டில் மூண்ட தீ நகரின் பெரும்பகுதியை உண்டது. எஞ்சியவை 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாகப் பேணப்படுகின்றன. அங்கே கட்டடங்களைப் புதுமெருகிடுவதுமில்லை, விழவிடுவதுமில்லை. சிதைவை நின்ற நிலையிலேயே நிறுத்தி வைக்கின்றனர். படம்பிடிப்போனுக்கும் இதுவே நல்ல நெறியாகும்.

இனிச் செய்முறையைக் கூறுவாம். காலையிலோ மாலையிலோ சுவரை உரசிச் செல்லும் சாய்வொளியில் எடுத்தால், மரத்தின் வரம்புகள் நிழலெறிந்து தெளிவுறும். உச்சி வெயில் அவற்றை மழுக்கிவிடும். கமராவை முக்காலியில் நிறுத்திச் சுவருக்கு நேராக நோக்கச் செய்க. மேல்நோக்கிச் சாய்த்தால், நிமிர்ந்து நிற்கும் கட்டடமும் பின்புறம் சாய்ந்தது போலத் தோன்றும். கறுப்பு வெள்ளைச் சுருளாயின், மஞ்சள் வடிகண்ணாடி நீலவானை இருளச்செய்து நரைத்த மரத்தை எடுத்துக் காட்டும்.

இருட்டறையில் நிறமூட்டும் முறை இரசாயனம் பயிலும் மாணவர்க்கு இனியது. படத்தாளின் உரு நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆயது. பொற்றாசியம் பெரிசயனைட்டும் பொற்றாசியம் புரோமைட்டும் கலந்த கரைசல் அதனை வெள்ளிப் புரோமைட்டாக்கி வெளிறச் செய்யும். பின்னர் சோடியம் சல்பைட்டுக் கரைசல் அதனைக் கபில நிற வெள்ளிச் சல்பைட்டாக மாற்றும். இது வெறும் வெள்ளியினும் நிலைபேறுடையது. கூழ்முட்டை நாற்றமுடைய அக்கரைசலைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே கையாள்க. அமிலத்துடன் சேரவிட்டால் நச்சுவாயு எழும்.

வெளிறச் செய்தலை இடையில் நிறுத்தினால், ஒளிமிக்க பகுதிகள் மட்டும் கபிலமாகும். இருண்ட பகுதிகள் கருமையாகவே நிற்கும். வெயில் பட்ட பலகை வெம்மையும், கதவிடுக்கின் இருள் குளிர்மையும் பெறும். கணினியிலும் ஒளிக்கொரு நிறமும் இருளுக்கொரு நிறமும் தனித்தனியே ஊட்டலாம். எவ்வழியாயினும் நிறம் மென்மையாயிருத்தல் நன்று. பலகையின் நரம்பு தெரியும்வரையில் அது துணை. நரம்பை மறைத்தால் அது திரை.

ஈற்றில் ஒன்று. நிறமூட்டாத மூலப்படத்தை ஒருபோதும் அழியற்க. இடமும் நாளும், கட்டடத்தின் எப்பக்கம் என்பதும் குறித்து வைக்க. நமது ஊர்களில் இன்னும் நிற்கும் சங்கடப்படலைகளும் நாற்சார் வீட்டுத் தூண்களும் நம்மைக் காத்திரா. இளைஞர்களே, விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை அவற்றுக்கு ஈயுங்கள். நாளை ஒரு தச்சர் வந்து கேட்கும்போது, உங்கள் படமாயினும் விடை சொல்லட்டும்.