வைத்தியசாலையில் மறைத்த துப்பாக்கி

மக்கள் தம் உயிரைக் காத்தற்பொருட்டு நாடுவனவற்றுள் ஆயுதமும் மருந்தும் முதன்மையானவை. பகைவனால் வரும் கேட்டினின்று காப்பது ஆயுதம்; நோயால் வரும் கேட்டினின்று காப்பது மருந்து. இவ்விரண்டும் ஒரே இடத்திற் கூடுமாயின் விளைவது யாது? தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லலாமா, ஆகாதா என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுநாளாக ஆராயப்பட்டுவரும் ஒரு வினாவாகும். நம் தமிழ் மக்கள் பலர் அந்நாட்டு வைத்தியசாலைகளில் வைத்தியராயும் தாதியராயும் பணிபுரிகின்றனராதலின், இது நமக்கு முற்றும் புறம்பான செய்தியன்று. இவ்வினாவை இருபுறமும் நோக்கி ஒரு முடிவு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அந்நாட்டுச் சட்டத்தை அறிதல் வேண்டும். ஆயுதம் வைத்திருத்தலும் ஏந்துதலும் குடிகளின் உரிமையென அந்நாட்டு அரசியற் சட்டத்தின் இரண்டாந் திருத்தம் 1791-ஆம் ஆண்டு முதல் கூறிவருகின்றது. வீட்டிற்கு வெளியேயும் அவ்வுரிமை செல்லும் என்று, நியூயார்க் மாகாணத்து வழக்கொன்றில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கு இன்று அநுமதிச் சீட்டும் வேண்டுவதில்லை. ஆயினும், சட்டசபை, நீதிமன்றம், வாக்குச்சாவடி போன்ற சில இடங்களில் ஆயுதத்தை விலக்குதல் தகும் என்பதை அத்தீர்ப்பே ஒப்புக்கொண்டது.

வைத்தியசாலையும் அத்தகைய இடந்தானா என்பதில் மாகாணங்கள் ஒருமைப்படவில்லை. மிச்சிகன் மாகாணச் சட்டம், அநுமதி பெற்றோரும் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நுழைதலாகாத இடங்களுள் வைத்தியசாலையைப் பெயர் சுட்டி வைத்திருக்கின்றது. டெக்ஸஸ் மாகாணத்திலோ, அநுமதி பெற்றோரைத் தடுக்க விரும்பும் வைத்தியசாலையார் முறைப்படி அறிவித்தல் வேண்டும். வாயிலில் நாட்டும் பலகை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் எழுதப்பட்டு, ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரத்திற்குக் குறையாது இருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. முன்னாட் போர்வீரர்க்கென மத்திய சர்க்கார் நடத்தும் வைத்தியசாலைகளிலோ, மாகாணம் எவ்வநுமதி தந்திருப்பினும், துப்பாக்கியுடன் செல்லுதல் குற்றமாகும். இங்ஙனம் சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுதலின், செல்வோன் முன்னரே அறிந்துகொள்ளுதல் அவன் கடமை. சட்டம் தடுக்காத இடத்தும் விவேகம் தடுக்குமோ என்பதே நாம் இனி ஆராய்தற்குரியது.

துப்பாக்கி ஏந்துவோர் கூறும் நியாயத்தை முதலிற் கேட்போம். கெட்ட எண்ணத்துடன் வருபவன் வாயிற் பலகையைப் படித்துத் திரும்பிப்போவதில்லை. தடைக்குக் கீழ்ப்படிபவன் நல்லவனே. ஆகவே தடையானது நல்லவனை மட்டும் வெறுங்கையனாக்குகின்றது என்பர். இதற்குச் சான்றும் உண்டு. பென்ஸில்வேனியா மாகாணத்தில் டார்பி என்னும் ஊரில், 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி, மனநோய் வைத்தியர் ஒருவரின் அறையில் நோயாளியொருவன் உடனிருந்த பணியாளரைச் சுட்டுக் கொன்று வைத்தியரையும் சுட்டான். அவ்வைத்தியர், வைத்தியசாலையின் விதிக்கு மாறாகத் தாம் வைத்திருந்த துப்பாக்கியால் அவனைச் சுட்டு வீழ்த்தினார். அவர் அங்ஙனம் செய்யாதிருப்பின் மேலும் பலர் மடிந்திருப்பர் என அவ்வூர்க் காவல் அதிகாரிகள் கருதினர். இந்நிகழ்ச்சியை மறைத்தோ குறைத்தோ கூறுதல் நேர்மையாகாது.

ஆயினும், ஒரு நிகழ்ச்சி கொண்டு பொதுவிதி வகுத்தல் கூடாது. பல நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்கிய ஆராய்ச்சியொன்று 2012-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2000 முதல் 2011 வரை அந்நாட்டு வைத்தியசாலைகளில் நடந்த துப்பாக்கிச் சூடுகளைத் தேடித் தொகுத்தனர். அவை 154; அவற்றிற் கொலையுண்டும் காயமுற்றும் இடருற்றோர் 235 பேர். காரணங்களை வகுத்தபோது, பழிவாங்கும் எண்ணம் நூற்றுக்கு 27, தற்கொலை 21, நோயுற்ற உறவினரின் துன்பத்தை முடித்துவிட வேண்டுமென்ற எண்ணம் 14, கைதிகள் தப்ப முயலுதல் 11 என்றவாறு அமைந்தன.

இக்கணக்கினின்று நாம் அறிவன இரண்டு. சுட்டவர்களிற் பலர் வழிப்பறிக்கு வந்த அந்நியர் அல்லர். நோயாளியோடோ வைத்தியரோடோ ஏதேனும் ஒரு தொடர்புடையவர். மற்றொன்று இன்னும் கவனித்தற்குரியது. அவசர சிகிச்சைப் பகுதியில் நடந்தவற்றுள் நூற்றுக்கு 23 நிகழ்ச்சிகளில், சுட்டவன் பயன்படுத்தியது காவலரிடமிருந்து பறித்த துப்பாக்கியே. ஆயுதத்தைக் காப்பதையே தொழிலாகக் கொண்டோரிடமிருந்தும் அது பறிபோகுமெனின், தாயின் கட்டிலருகே குனிந்து நிற்கும் ஒருவனிடமிருந்து அது பறிபோகாது என்பதற்கு உறுதி யாது?

துப்பாக்கி ஏந்துவோன் தன்னிடம் என்றும் உளவெனக் கொள்ளும் மூன்று பொருள்கள் உண்டு: தெளிந்த மனம், தன் வசப்பட்ட கை, தன் உடலைவிட்டு நீங்காத ஆடை. வைத்தியசாலை இம்மூன்றையும் பறிக்கும் இயல்புடையது.

மனத்தை முதலில் நோக்குவோம். வைத்தியசாலைக்குள் நுழைபவன் தான் கேட்கப்போகும் செய்தி இன்னதென்று அறியான். 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ஆம் தேதி, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையில், தன் தாயின் நிலைமையைப் பற்றி வைத்தியர் கூறியதைக் கேட்ட மகனொருவன் மனங்கலங்கி, இடுப்பிலிருந்த துப்பாக்கியால் அவ்வைத்தியரைச் சுட்டான். பின்னர்த் தாயைக் கொன்று தானும் மாய்ந்தான். வைத்தியர் உயிர் பிழைத்தார். துக்கம் எவரையும் எப்பொழுது எங்ஙனம் மாற்றும் என்பதை எவரும் முன்னறிந்து கூறவியலாது. கையில் ஆயுதமின்றிக் கதறுபவனை உறவினர் தேற்றுவர். ஆயுதத்துடன் கலங்குபவனைத் தேற்றுதற்குக் காலம் கிடைப்பதில்லை.

கையும் ஆடையும் அத்தகையனவே. நோயாளி மயங்கி வீழ்கின்றான், காய்ச்சலிற் பிதற்றுகின்றான், மயக்க மருந்தினின்று தெளியும்போது தானிருக்கும் இடமறியாது கையை வீசுகின்றான். விபத்தில் அடிபட்டு வந்தவனின் ஆடையைத் தாதியர் கத்தரிக்கோலால் வெட்டி நீக்குவர். அவ்வாடையின் மடிப்பில் குண்டு நிறைத்த துப்பாக்கி இருப்பின், அதனைத் தொடப்போவது அதன் இயக்கத்தை அறியாத ஒரு கை. மறைத்து வைத்தவனுக்கு அது காப்பு. மறைவை அறியாது தொடுபவர்க்கு அதுவே ஆபத்து. நோயாளியைப் பார்க்க வந்தவனும் இரத்தத்தைக் கண்டு மயங்கி வீழ்தல் உண்டு.

இவற்றினும் வியப்பானதோர் அபாயம் காந்தத்தால் நேர்வது. உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா வலிமையுடையது. இது பூமியின் காந்த வலிமையைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. படமெடுக்காத வேளையிலும் அக்காந்தம் ஓய்வதில்லை. நியூயார்க் மாகாணத்தில், பணிநேரத்தில் இல்லாத காவல் அதிகாரி ஒருவர் தம் துப்பாக்கியுடன் அவ்வறைக்குட் சென்றபோது, காந்தம் அதனை அவர் கையினின்று பறித்திழுக்க, அது தானே வெடித்துச் சுவரிற் குண்டு பாய்ந்தது என 2002-ஆம் ஆண்டு கதிரியல் இதழொன்று விவரித்தது. நல்வினையால் அன்று எவருக்கும் காயமில்லை. பிரேஸில் நாட்டுச் சாவோ பாவ்லோ நகரத்தில், 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தாயை அழைத்துவந்த வழக்கறிஞர் ஒருவர் இடுப்பில் மறைத்திருந்த துப்பாக்கி அங்ஙனமே வெடித்து வயிற்றிற் பாய்ந்தது. அடுத்த மாதம் அவர் இறந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஒரு பெண்மணி, ஆயுதம் உண்டோ என்ற வினாவிற்கு இல்லையென விடையளித்துவிட்டு உள்ளே சென்று குண்டடிபட்டார். இம்மூவரும் எவரையும் சுட எண்ணியவரல்லர். மூவிடத்தும் விசையை இழுத்தது மனிதனின் விரலன்று.

வைத்தியசாலை ஆயுதத்திற்குப் புறம்பான இடமென்னும் கருத்துப் பிறந்தது அமைதியில் அன்று, போர்க்களத்திலேயே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் தேதி ஜெனீவா நகரத்தில் ஏற்பட்ட உடன்படிக்கை, படை வைத்தியசாலைகளை இருதிறத்தாரும் நடுநிலை இடங்களாகப் போற்றவேண்டும் என்றும், அவை படையினரின் கைவசத்தில் இருப்பின் அந்நடுநிலை நீங்கும் என்றும் விதித்தது. 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கை, வைத்தியப் பணியாளர் தம்மையும் காயமுற்றோரையும் காத்தற்பொருட்டு ஆயுதம் வைத்திருப்பினும் அப்பாதுகாப்பு நீங்காது எனத் தெளிவித்தது. சட்டம் இவ்வளவு இடங்கொடுப்பினும், போர் நடக்கும் நாடுகளிற் பணிபுரியும் ‘எல்லையற்ற மருத்துவர்கள்’ என்னும் சங்கத்தார் தம் வைத்தியசாலைகளின் வாயிலில் துப்பாக்கிப் படத்தின்மேற் குறுக்குக்கோடிட்ட பலகையை வைத்து, எத்திறத்தாராயினும் ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வருமாறு வேண்டுகின்றனர். ஒரு பக்கத்தார்க்கு விலக்களிப்பின் மறு பக்கத்து நோயாளி வர அஞ்சுவான் என்பதே அதன் கருத்து.

எனினும், ஆயுதத்தை வெளியே வையென்று கூறுவோர்க்கு ஒரு பெருங்கடன் உண்டு. ஒருவனுடைய காப்பை நீக்குபவர், அக்காப்பைத் தாமே ஏற்றுக்கொள்ளல் வேண்டும். பலகை நாட்டுதலோடு தம் கடமை முடிந்ததென எண்ணும் வைத்தியசாலையார்க்கு மேற்கூறிய டார்பி நிகழ்ச்சி ஒரு கண்டனமாகும். டெட்ராயிட் நகரத்து வைத்தியசாலையொன்று வாயிலில் உலோகங் காட்டும் கருவியை அமைத்தபோது, ஆறு மாத காலத்துள் 33 கைத்துப்பாக்கிகளும் 1,324 கத்திகளும் அகப்பட்டன. இதனால், தடையென்பது சொல்லளவில் நில்லாது செயலளவிலும் இயலும் என்பது விளங்கும். வாயிற் சோதனையும், பயின்ற காவலரும், வண்டிகள் நிற்குமிடத்து நல்ல வெளிச்சமும், அச்சுறுத்தலைப் பணியாளர் உடனே அறிவிக்கும் ஏற்பாடும் இருத்தல் வேண்டும்.

இனி, ஆயுதம் ஏந்தும் வழக்கமுடையோர் கைக்கொள்ளத்தக்க முறைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவைத்தல் நலம். மோட்டார் வண்டியில் விட்டுச் செல்லுதல் திருடர்க்கு அதனை ஈதலாகும்.

இரண்டாவது, எதிர்பாராது கொண்டுவர நேரின், வாயிற் காவலரிடம் வாயால் அறிவித்து, அவர் கூறும் பெட்டகத்தில் வைக்கச் செய்தல் வேண்டும். அறிவிக்கும்போது கை அதன்மேற் செல்லலாகாது.

மூன்றாவது, நோயாளியாக வண்டியில் ஏற்றப்படும்போது நினைவிருப்பின், முதலில் கூறவேண்டிய செய்தி இதுவே. நினைவில்லாதவனுக்காக உடன்வருவோர் கூறுதல் வேண்டும்.

நான்காவது, காந்தக் கருவியறையின் வாயிலிற் கேட்கப்படும் வினாக்களுக்கு உண்மையே கூறல் வேண்டும். அவ்விடத்தில் நாணத்தாற் கூறும் பொய் உயிரை வாங்கும்.

கெத்சமனே தோட்டத்தில் நம் ஆண்டவரைக் காத்தற்பொருட்டுச் சீடரொருவர் வாளை உருவியதையும், பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் காதறுந்ததையும் நாம் அறிவோம். அச்சீடரின் அன்பிற் குறையில்லை. அச்சத்திற்குக் காரணமும் இருந்தது. ஆயினும் ஆண்டவர் வாளை உறையிலிடச் செய்து, பகைவன் காதைத் தொட்டுக் குணமாக்கினார். குணமாக்கும் கை முன்னே வரவேண்டுமாயின் வாள் பின்னே செல்லல் வேண்டும். வைத்தியசாலையில் ஒவ்வொருவரும் தம் உயிரைப் பிறர் கையில் ஒப்புவிக்கின்றனர். நோயாளி வைத்தியரிடமும், வைத்தியர் தம்மிடம் வருவோரின் நல்லெண்ணத்திடமும் ஒப்புவிக்கின்றனர். மறைத்த துப்பாக்கி அந்நம்பிக்கையின் நடுவே, பிறர் அறியாது வைக்கப்பட்ட ஒரு நிபந்தனையாக நிற்கின்றது. ஆதலின், அதனை வெளியே வைத்துவிட்டு உள்ளே செல்லுதலே தக்கது என்பதும், அங்ஙனம் வெறுங்கையராய் வருவோரைக் காத்தல் வைத்தியசாலையாரின் நீங்காக் கடமை என்பதும் நம் துணிபு.