மக்களா? மாக்களா?

மனிதனும் விலங்குதான் என்கிறது அறிவியல். மனிதனுக்குள் தெய்வத்தன்மை உறைகின்றது என்கின்றன சமயங்கள். இவ்விரண்டில் எதனை நாம் ஏற்பது? இஃது அறிஞர்கள் மட்டும் வாதிட்டுக்கொள்ளும் வினா அன்று. பள்ளியில் பயிலும் சிறுவரும், அவர்களை வளர்க்கும் பெற்றோரும், வியர்வை சிந்தி உழைக்கும் தொழிலாளரும் தத்தம் வாழ்வைக் கொண்டு விடை கூறவேண்டிய வினா ஆகும். ஆதலின் இதனை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

முதற்கண் நம் உடலை நோக்குவோம். பசி, தாகம், உறக்கம், அச்சம் ஆகியவை விலங்குகளுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. 2005ஆம் ஆண்டில் அறிவியலார் சிம்பன்சிக் குரங்கின் மரபணுத் தொகுதியை மனிதனுடையதோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். நேருக்கு நேர் ஒப்பிடத்தக்க பகுதிகளில் 100க்கு 98க்கும் மேற்பட்டவை ஒத்திருக்கக் கண்டனர். உடலளவில் நாம் விலங்கினத்தின் உறவினரே என்பதில் ஐயமில்லை.

அறிவும் அன்பும் நமக்கு மட்டுமே உரியவை எனலாமா? அதுவும் பொருந்தாது. 1960ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் என்னும் அம்மையார், சிம்பன்சி ஒன்று புல்தண்டைக் கறையான் புற்றுக்குள் நுழைத்துக் கறையான்களைப் பிடித்து உண்பதைக் கண்டார். கருவியைக் கையாள்பவன் மனிதன் ஒருவனே என்ற எண்ணம் அன்று தகர்ந்தது. போர்னியோக் காடுகளில் வாழும் ஓராங் ஊத்தானைப் பாருங்கள். மலாய் மொழியில் அப்பெயருக்குக் காட்டு மனிதன் என்பது பொருள். தாய்க்குரங்கு தன் குட்டியை ஆறேழு ஆண்டுகள் உடன் வைத்துப் பேணுகின்றது. உண்ணத்தக்க கனி எது, கூடு கட்டுவது எவ்வாறு என்பனவற்றை அக்குட்டி தாயைப் பார்த்தே கற்கின்றது.

அங்ஙனமாயின் மனிதனிடம் தனித்து நிற்பது யாது? தமிழின் பழம்பெரும் இலக்கணமாகிய தொல்காப்பியம் இதற்கு ஒரு வழி காட்டுகின்றது. அதன் மரபியல், உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பிரிக்கின்றது. புல்லும் மரமும் ஓரறிவு உடையவை. எறும்பு மூவறிவு உடையது. விலங்குகள் ஐயறிவு உடையவை. மனத்தால் பகுத்துணரும் மக்கள் ஆறறிவு உடையவர். இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஐயறிவு உயிர்களின் வரிசையில் விலங்குகளுடன் 'மாக்கள்' என்போரும் வைக்கப்பட்டுள்ளனர். மன உணர்வு இல்லாத மாந்தரையே அச்சொல் குறிக்கும் என்பர் உரையாசிரியர். மக்கள் என்பதற்கும் மாக்கள் என்பதற்கும் எழுத்தில் ஒரு துணைக்காலே வேறுபாடு. மனித உருவில் பிறந்தமையால் மட்டும் ஒருவர் ஆறறிவு உடையவர் ஆகிவிடமாட்டார் என்பதை இதனால் உணர்கின்றோம்.

நம் மலாயா மண்ணின் வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைத்தது. அவ்வேலைக்காக நம் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாக் காய்ச்சலாலும் மாண்டு, மீளாமற் போனோர் பலர். புலி பசித்தால் கொல்லும். பசி தீர்ந்தால் படுத்துவிடும். திட்டம் தீட்டி, கணக்கெழுதி, நோயாளியையும் அடித்து வேலை வாங்கும் கொடுமையை எந்த விலங்கும் செய்ததில்லை. அறிவு மட்டும் வளர்ந்து அருள் வளராத மனிதன் விலங்கினும் தாழ்ந்து போவான் என்பதற்கு அப்பாதையே சான்றாகும்.

ஆயினும் அதே பாதையில்தான் எட்வர்டு டன்லப் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவரும் கைதியாக இருந்தார். மருந்தும் கருவிகளும் இல்லாத முகாமில், தாமும் நோயுற்ற நிலையில், சக கைதிகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார்; நடக்கவும் இயலாதவரை வேலைக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது காவலரை எதிர்த்து வாதாடினார். தன் உயிரைக் காப்பதே விலங்கியல்பு என்றால், அவரை அவ்வாறு நிற்கச் செய்தது எது? அதனையே நம் முன்னோர் தெய்வத்தன்மை என்றனர் எனக் கொள்ளலாம். அதனை அளக்கக் கருவி இல்லை. செயலைக் கொண்டே அறிதல் கூடும்.

அவ்வருள் மனித இனத்தோடும் நின்றுவிடுவதில்லை. நம் நாட்டின் சபா மாநிலத்தில், சண்டாக்கான் நகருக்கு அருகில் செப்பிலோக் என்னுமிடத்தில், 1964ஆம் ஆண்டில் ஓராங் ஊத்தான் மறுவாழ்வு நிலையம் நிறுவப்பட்டது. தாயை இழந்த குட்டிகளுக்கு அங்குள்ள பணியாளர்கள் பாலூட்டி, மரமேறப் பழக்கி, மீண்டும் காட்டுக்கே அனுப்புகின்றனர். காட்டை அழித்ததும் மனிதனே. அனாதைக் குட்டியை அணைத்ததும் மனிதனே. இருவருக்கும் உடல் ஒன்றே, வேறுபட்டது உள்ளம்.

ஆகவே, மனிதன் விலங்கா, தெய்வமா என்ற வினாவுக்கு நாம் காணும் விடை இதுதான்: விலங்குடல் நமக்குப் பிறப்பிலேயே வாய்த்தது, தெய்வத்தன்மையோ விதையாகவே வாய்த்துள்ளது. விதைத்த இரப்பர்க் கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்; அதுவரை களை பறித்து, உரமிட்டுக் காக்க வேண்டும். இவ்விதைக்கும் அத்தகைய பேணுதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! பாடத்தில் பின்தங்கிய தோழனை எள்ளாது அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். தெருநாயைக் கல்லால் அடிக்க ஓங்கிய கையை அடக்குங்கள். யாரும் காணாத இடத்திலும் பிறர் பொருளைத் தொடாதீர்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் நம் செயலையே பார்த்துக் கற்கின்றனர். மதுவுக்கு அறிவை அடகு வைக்கும் இல்லத்தில் அவ்விதை முளைப்பது அரிது. முதியோர்க்கு முதற் சோறிடும் இல்லத்தில் அது தானே தழைக்கும்.

நமக்குக் கைம்மாறு செய்ய இயலாதவரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதே நம் ஆறாம் அறிவுக்கு உரைகல். அவ்வுரைகல்லில் நாளும் நம்மை உரைத்துப் பார்ப்போம். மாக்களாய் நில்லாது மக்களாய் உயர்வோம்.