கார்ல பெட்ரோல் வாடை அடிக்குதா?

சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டேங்குக்குள் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய கார்களில் அந்த ஆவி அப்படியே வெளியே போனது. அதிலுள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆவியைப் பிடித்து வைக்கும் அமைப்பை 1970-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. இப்போது நம்ம ஊரில் ஓடும் பெட்ரோல் கார்களிலும் அது உண்டு.

டேங்கிலிருந்து ஒரு குழாய் கரி டப்பாவுக்குப் போகும். கரியின் நுண்துளைகளில் ஆவி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடாகி ஓடும்போது 'பர்ஜ் வால்வு' திறந்து, ஆவியை எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். நம்ம குடமுருட்டித் தலைப்பில் மதகு செய்யும் வேலைதான் இதுவும். வேண்டும்போது திறக்கணும், வேண்டாதபோது மூடணும்.

மதகு திறந்தபடியே மாட்டிக்கிட்டால்? வண்டி நிற்கும்போது எஞ்சின் உதறும். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகாது, ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கணும். உடனே "கலப்படம்"னு பங்க்காரரைத் திட்டுவாங்க, பாவம்! காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கரி டப்பாவிலிருந்து வால்வுக்கு வரும் குழாயைக் கழற்றி, வால்வு வாயில் விரலை வைக்கச் சொல்லுங்கள். விரலை இழுத்தால் வால்வு போச்சு. சூடான பிறகு இழுத்தால் அது கோளாறு இல்லை. (இதை மெக்கானிக் அண்ணன்தான் செய்யணும். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி கூடாது.)

வாடை மட்டும் வந்தால் முதலில் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கா பாருங்கள். அடுத்தது குழாய். அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். பானெட்டுக்குள் புகுந்து ரப்பரைக் கடிக்கும்.

"எஞ்சின் லைட் எரியலையே, அப்புறம் என்ன கோளாறு?" என்று கேட்கலாம். அமெரிக்கக் கார்கள் அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்து லைட் போடும். நம் நாட்டு விதி ஐரோப்பிய விதியை ஒட்டியது. வால்வின் மின் இணைப்பைச் சோதித்தாலே அதற்குப் போதும். வயர் அறுந்தால் ஸ்கேனரில் பி0443 மாதிரி எண் வரும். குழாய் கிழிந்தால் நம்ம மூக்குதான் ஸ்கேனர்!

கரி டப்பாவைக் கெடுப்பது பெரும்பாலும் நாமேதான். பங்க்கில் 'டக்'கென்று கன் நின்ற பிறகும் "ரவுண்டா ஆயிரம் ஆக்குங்க" என்போம். மிஞ்சிய பெட்ரோல் ஆவிக் குழாயில் ஏறிக் கரியை நனைக்கும். ஊறிய கரி ஆவியைப் பிடிக்காது. அப்புறம் டப்பாவையே மாற்றணும். மூடி வாங்குகிற காசைவிட அதிகம் ஆகும்.